ஜெபமும் அச்சும்: தோமாஸ் லூயிஸ் தே விக்டோரியாவின் இசைவாழ்வு



இன்று நான் பேச எடுத்துக்கொண்டவர் பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினின் இசையமைப்பாளர் தோமாஸ் லூயிஸ் தே விக்டோரியா. மறுமலர்ச்சிக் காலத்தின் பிற்பகுதியில் எழுந்த தேவாலய இசையைப் பற்றிப் பேச்செடுத்தால் உரோமையின் பாலஸ்த்ரீனா பெயர் முதலில் வரும். மியூனிக் அரசவையில் இருந்த லாசோவின் பெயர் அடுத்து வரும். விக்டோரியாவை மூன்றாவதாகச் சொல்வார்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் அந்த வரிசை சரிதான். பாலஸ்த்ரீனா நூற்றுக்கும் மேற்பட்ட திருப்பலி இசைகளை எழுதினார். லாசோவின் படைப்புகள் இரண்டாயிரத்தைத் தாண்டும். விக்டோரியாவின் திருப்பலி இசைகள் இருபதை ஒட்டி நின்றுவிடுகின்றன. மற்ற இருவரும் காதல் பாட்டும் எழுதினார்கள். விக்டோரியா எழுதியதாக உலகியல் பாட்டு ஒன்றுகூட நமக்கு வந்து சேரவில்லை. இறைவனைப் பாடுவதற்கு மட்டுமே பேனாவைத் தொட்டவர்.

இந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி ஒரு சித்திரம் தீட்டப்பட்டிருக்கிறது. அவிலாவின் துறவி புனித தெரேசாவின் ஊர்க்காரர், மறைஞானி, உலகை வெறுத்து மடத்துக்குள் ஒடுங்கியவர், கண்ணீரும் துயரமும் தவிர வேறொன்றும் அறியாதவர் என்று. இசைத்தட்டு உறைகளிலும் வரலாற்று நூல்களிலும் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். எனக்கு இந்தச் சித்திரத்தில் முழு உடன்பாடு இல்லை. விக்டோரியா ஆழ்ந்த பக்தர், அதில் ஐயமில்லை. ஆனால் தம் இசை எந்த அச்சகத்தில் ஏறும், எந்த அளவுத் தாளில் வரும், எந்தப் பேராலயத்தின் கைக்குப் போய்ச் சேரும் என்பதில் அவர் காட்டிய அக்கறை, அந்தப் பக்தியிலிருந்து பிரிக்க முடியாதது. தம் பாட்டு நல்லபடியாகப் பாடப்பட வேண்டும் என்று கடைசிவரை உழைத்த கைவினைஞர் அவர். அந்த மனிதரைத்தான் இன்று உங்கள் முன் நிறுத்த விரும்புகிறேன்.

விக்டோரியா 1548-ஐ ஒட்டி, காஸ்தீல் மேட்டுநிலத்தில் அவிலாப் பகுதியில் பிறந்தார். பெரிய குடும்பம். தந்தை 1557-இல் இறந்துவிட, குருவாக இருந்த சித்தப்பா பொறுப்பேற்றார். அவிலாப் பேராலயத்தின் சிறுவர் பாடகர் குழுவில் சேர்ந்த பையன், அங்கே பெர்னார்தினோ தே ரிபேரா, ஹுவான் நவாரோ போன்ற இசைத் தலைவர்களின் கீழ் பாடினான். இன்று கோட்டைச் சுவரோடு நிற்கும் அதே ஊரில், அவன் பாடிக்கொண்டிருந்த நாளில்தான், 1562-இல், தெரேசா தம் முதல் சீர்திருத்த மடத்தைத் தொடங்கினார்.

குரல் உடைந்த வயதில், 1565 வாக்கில், அவர் உரோமைக்கு அனுப்பப்பட்டார். போன இடம் கொலேஜியும் ஜெர்மானிக்கும். புனித இஞ்ஞாசியார் 1552-இல் தொடங்கிய கல்லூரி அது. ஜெர்மானிய நிலங்களில் கத்தோலிக்க மறையைத் தாங்கிப் பிடிக்கக் குருக்களை உருவாக்குவது அதன் நோக்கம். இயேசு சபையார் நடத்தினார்கள். 1569-இல் அவர் உரோமையின் சாந்த்தா மரியா தி மொன்செர்ராத்தோ ஆலயத்தில் பாடகராகவும் ஆர்கன் வாசிப்பவராகவும் வேலைக்குச் சேர்ந்தார். 1571-இல் படித்த கல்லூரியிலேயே இசை கற்பிக்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் அதன் இசைத் தலைவரானார்.

அந்தக் கல்லூரி வாழ்வில் ஒரு நிகழ்ச்சி. அதுவரை ஜெர்மானிய மாணவர்களும் இத்தாலிய மாணவர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். 1573-இல் அவர்களைப் பிரிக்க முடிவாயிற்று. அக்டோபரில் நடந்த பிரிவு விழாவுக்கு விக்டோரியா எட்டுக் குரல்களுக்கு இசை அமைத்துக் கொடுத்தார். எடுத்துக்கொண்ட வாசகம், பாபிலோன் ஆற்றங்கரையில் அமர்ந்து சீயோனை நினைத்து அழுதவர்களின் திருப்பாடல். சொந்த நாட்டைவிட்டு வந்து தங்கியிருந்த இளைஞர்கள், கூடப் படித்தவர்களையும் பிரியும் நாளில் அதைப் பாடுவதை எண்ணிப் பாருங்கள். வாசகத்தைத் தேர்ந்தெடுப்பதில் விக்டோரியாவுக்கு இருந்த கூர்மை அப்போதே முழுதாகத் தெரிகிறது.

அதற்கு முந்திய ஆண்டு, 1572-இல், அவருடைய முதல் நூல் வெனிஸில் கார்தானோ அச்சகத்திலிருந்து வந்திருந்தது. 33 மோட்டெட்டுகள். மோட்டெட் என்பது லத்தீன் வழிபாட்டு வாசகத்துக்குப் பல குரல்களில் அமைக்கும் பாடல். நூலைத் தம்மை ஆதரித்த ஆக்ஸ்பர்க் ஆயர், கர்தினால் ஓட்டோ ட்ரூக்ஸெஸ்ஸுக்குக் காணிக்கையாக்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு இருக்கலாம். பின்னாளில் உலகமெங்கும் பாடப்படும் ‘ஓ மாக்னும் மிஸ்தேரியும்’ இந்த முதல் நூலிலேயே இருக்கிறது. இளைஞரின் முயற்சி என்ற சாயலே அதில் இல்லை.

அந்தப் பாடலைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். வாசகம் மிகச் சிறியது. ஆண்டவர் பிறந்து தீவனத் தொட்டியில் கிடப்பதை விலங்குகள் கண்டன, இது எத்தனை பெரிய மறைபொருள் என்று வியக்கிறது. பிறகு அன்னை மரியாளை வாழ்த்துகிறது. அல்லேலூயா சொல்லி முடிகிறது. உச்சக் குரல் மட்டும் தனியாகத் தொடங்குகிறது. நம் இசைப் பேச்சில் சொன்னால், பஞ்சமத்திலிருந்து ஷட்ஜத்துக்கு இறங்கி, மீண்டும் பஞ்சமத்துக்கு வந்து, அரைச் சுரம் மேலே உள்ள தைவதத்தைத் தொட்டு இறங்குகிறது. அவ்வளவுதான் மெட்டு. சில அடிகள் தள்ளி அடுத்த குரலான ஆல்டோ அதே வடிவத்தைத் தன் நிலையில் எடுக்கிறது. பின்னர் கீழ்க்குரல்களான டெனரும் பாஸும் இணையாக வருகின்றன. ஒரு குரல் சொன்ன வியப்பை அடுத்த குரல் கேட்டுத் தானும் சொல்வதாக அது அமைகிறது. மரியாளை வாழ்த்தும் இடம் வந்ததும் தனித்தனியே போய்க்கொண்டிருந்த நான்கு குரல்களும் ஒரே அசையில் ஒன்றாக நிற்கின்றன. எந்த அலங்காரமும் இல்லை. இறுதியில் அல்லேலூயாவுக்குத் தாளம் மூன்றின் நடைக்கு மாறிச் சிறிது ஆடிவிட்டு, மீண்டும் பழைய நடைக்குத் திரும்பி முடிகிறது. நான்கு நிமிடம் பிடிக்கும். ஒற்றை மெட்டின் வழியே கேட்டுப் பழகிய நம் காதுக்குப் பல்குரல் இசை முதலில் நெரிசலாகத் தோன்றலாம். இந்தப் பாடலில் தொடங்குகிறவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் வராது. ஒவ்வொரு குரலும் எங்கே நுழைகிறது என்பது அவ்வளவு தெளிவாகக் கேட்கும்.

இந்தத் தெளிவுக்குப் பின்னால் ஒரு காலச் சூழல் உண்டு. 1545 முதல் 1563 வரை நடந்த கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம், 1562-இல் திருப்பலி இசையைப் பற்றியும் விவாதித்தது. ஆலயத்தில் இச்சையைத் தூண்டும் இசை கூடாது என்று விதித்தது. குரல்கள் பின்னிப் பின்னி வேத வாசகமே காதில் விழாமல் போகிறது என்ற குறையும் அப்போது பலமாகப் பேசப்பட்டது. விக்டோரியா இந்த விவாதத்தின் சூடு ஆறாத உரோமையில் வளர்ந்தவர். சொல் கேட்க வேண்டும் என்பது அவருக்கு மேலிடத்துக் கட்டளையாக மட்டும் இருந்திருந்தால், வாசகத்தைத் தெளிவாக உச்சரிக்கும் வறண்ட இசைதான் கிடைத்திருக்கும். ஒவ்வொரு சொற்றொடருக்கும் அதற்கே உரிய மெட்டைத் தேடிக் கண்டுபிடித்தார் அவர்.

1575 ஆகஸ்டில் அவர் குருப்பட்டம் பெற்றார். பட்டம் கொடுத்தவர் தாமஸ் கோல்ட்வெல். எலிசபெத் அரசியின் ஆட்சியில் நாட்டைவிட்டு வந்து உரோமையில் வாழ்ந்த இங்கிலாந்து ஆயர். 1578 முதல் 1585 வரை விக்டோரியா சான் ஜிரோலாமோ தெல்லா காரித்தா ஆலயத்தில் குருவாக இருந்தார். புனித பிலிப் நேரி வாழ்ந்த இடம் அது. எளிய மக்களைக் கூட்டிவைத்துப் பாட்டோடு ஜெபம் நடத்திய நேரியாரின் அருகில் சில ஆண்டுகள். அந்த ஆண்டுகளில்தான் விக்டோரியாவின் பெரிய நூல்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. 1581-இல் ஆண்டு முழுமைக்குமான வழிபாட்டுப் பாக்களும், மரியாளின் புகழ்ப்பாடலுக்கான இசைகளும். 1583-இல் திருப்பலி இசைகளின் இரண்டாம் நூல். 1585-இல் புனித வாரத்துக்கான முழுத் தொகுப்பு.

இவற்றில் பெரிய தாளில் வந்த பாடற்குழு நூல்கள் எப்படி இருந்தன என்பதைச் சொல்ல வேண்டும். இன்றைய இசைத்தாளில் நான்கு குரல்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகின்றன. அன்றைய நூலில் அப்படி இல்லை. விரித்த இரு பக்கங்களில் இடப்பக்கம் மேலே உச்சக் குரல், கீழே டெனர். வலப்பக்கம் மேலே ஆல்டோ, கீழே பாஸ். நூலை உயரமான தாங்கியில் வைத்து, பாடகர் அனைவரும் அதைச் சுற்றி நின்று, ஒரே நூலைப் பார்த்துப் பாடுவார்கள். எனவே எழுத்து பெரிதாக, தூரத்திலிருந்து தெரியும்படி இருக்க வேண்டும். பக்கம் புரட்டும் இடம் நான்கு குரல்களுக்கும் ஒரே நேரத்தில் வர வேண்டும். பேராலயம் ஒன்று வாங்கினால் பல தலைமுறை வைத்துப் பாடும் நூல் அது. செலவு பிடிக்கும் வேலை. விக்டோரியா அந்த வடிவத்தைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அக்காலத்தில் எங்கே அரைச் சுரம் ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பாடகரின் பழக்கத்துக்கே விட்டுவிடுவார்கள். விக்டோரியாவின் அச்சு நூல்களில் அந்தக் குறிகள் மற்றவர்களைவிட மிகத் தாராளமாகப் போடப்பட்டிருக்கின்றன. ஊர் பெயர் தெரியாத ஒரு பாடகர், தம்மைப் பார்த்திராதவர், தாம் நினைத்த சுரத்தையே பாட வேண்டும் என்று அவர் விரும்பினார். முன்பு அச்சான பாடல்களை மறுபதிப்பில் அப்படியே விடாமல் திருத்தினார். புனித வாரத் தொகுப்பின் ஒரு பகுதிக்கு வத்திக்கானில் கையெழுத்துப் பிரதி இருக்கிறது. அச்சு நூலோடு ஒப்பிட்டால், அச்சுக்குப் போகும் முன் அவர் எங்கெங்கே மாற்றினார் என்பது தெரிகிறது. துயரத்தில் மூழ்கிய மறைஞானி என்ற சித்திரத்தில் இந்த மனிதருக்கு எங்கே இடம்?

அந்தப் புனித வாரத் தொகுப்பு, என் கணிப்பில், அவருடைய ஆயுளின் பெருஞ்சாதனை. குருத்து ஞாயிறு தொடங்கி உயிர்ப்புக்கு முந்திய சனிக்கிழமை வரையான வழிபாட்டுக்கு வேண்டிய இசையெல்லாம் அதில் உண்டு. மத்தேயு, யோவான் எழுதிய பாடுகளின் வரலாற்றில் கூட்டத்தார் பேசும் பகுதிகள், எரேமியாவின் புலம்பல் ஒன்பது, பெரிய வெள்ளி முறையீடு, அவற்றோடு 18 பதிலுரைப் பாடல்கள்.

அந்தப் பதினெட்டும் பாடப்பட்ட வழிபாட்டுக்குத் தெனெப்ரே என்று பெயர்; இருள் என்று பொருள். புனித வாரத்தின் இறுதி மூன்று நாள்களுக்கும் உரிய அந்த வழிபாட்டை அக்காலத்தில் முந்தின நாள் மாலையிலேயே நடத்திவிடுவார்கள். பீடத்தருகே முக்கோணத் தாங்கியில் 15 மெழுகுவத்திகள். ஒவ்வொரு திருப்பாடலும் முடிய ஒன்றை அணைப்பார்கள். கடைசி ஒன்றை அணைக்காமல் பீடத்தின் பின்னே மறைத்துவைப்பார்கள். ஆலயம் இருட்டாகிக்கொண்டே வரும்போது பாட வேண்டிய பாடல்கள் இவை.

பெரிய வெள்ளிக்குரிய ‘தெனெப்ரே ஃபாக்தே சுந்த்’ என்ற பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். இயேசுவைச் சிலுவையில் அறைந்தபோது இருள் கவிந்தது என்று தொடங்குகிறது. குரல்கள் தாழ்ந்த நிலையில், ஒரே அசையில், ஏறக்குறைய அசையாமல் நிற்கின்றன. இயேசு உரத்த குரலில் கூவினார் என்ற இடத்தில் இசை மேலெழுகிறது. தலைசாய்த்து உயிர்விட்டார் என்னும் வரிக்கு வரும்போது குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தணிகின்றன. அதன்பின் குரல்களைக் குறைத்து நடுப்பகுதியைப் பாடவைக்கிறார். தந்தையின் கையில் உயிரை ஒப்படைக்கும் வாசகம் அது. அது முடிந்ததும் வழிபாட்டு முறைப்படி தலைசாய்த்த வரி அப்படியே மீண்டும் வருகிறது. முதல்முறை நமக்கு அது செய்தியாக இருந்தது. ஒப்படைப்பைக் கேட்டபின் அதே சுரங்கள் வேறு பொருளோடு ஒலிக்கின்றன. வழிபாடு கட்டாயமாக்கிய மறுபாட்டை இசைக் கட்டுமானமாக ஆக்கிக்கொண்டதில்தான் விக்டோரியாவின் மேதைமை. ஒரு சுரம்கூடக் கூடுதலாகச் செலவழிக்கவில்லை.

புனித வாரத் தொகுப்புக்கு முன் 1583-இல் வந்த திருப்பலி இசை நூலை ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்புக்குக் காணிக்கையாக்கினார். இசையமைத்துக் களைத்துவிட்டேன், நாட்டுக்குத் திரும்பிக் குருவுக்கு உரிய தியான வாழ்வில் அமைய விரும்புகிறேன் என்று அந்தக் காணிக்கை உரையில் தெரிவித்தார். மன்னர் காதில் அது விழுந்தது. தம் சகோதரி, பேரரசி மரியாவின் ஆன்மிகக் குருவாக அவரை நியமித்தார். மரியா ஐந்தாம் சார்லஸின் மகள்; பேரரசர் இரண்டாம் மாக்ஸிமிலியனின் மனைவி. கணவர் 1576-இல் இறந்தபின் ஸ்பெயினுக்குத் திரும்பி, மத்ரித் நகரின் தெஸ்கால்சாஸ் ரெயாலெஸ் மடத்தில் தங்கினார். அவருடைய மகள் மார்கரீத்தா அங்கேயே கன்னியரானார்.

1587 முதல் விக்டோரியா அந்த மடத்தில் பணியாற்றினார். அதே ஆண்டு செவில்லே, சரகோசா என்ற இரு பெரிய பேராலயங்கள் இசைத் தலைவர் பதவிக்கு அழைத்தும் மறுத்துவிட்டார். இதைத் துறவு என்று சொல்வோர் உண்டு. ஆனால் மடத்துப் பணியோடு அவருக்குப் பல திருச்சபை மானியங்களின் வருமானமும் இருந்தது. பேராலயப் பதவியைவிட அது அதிகம். நாள்தோறும் சிறுவர்களுக்குப் பாடம் எடுத்து, ஆலயக் குருமன்றத்தோடு கணக்கு வழக்குப் பார்க்கும் சுமையும் இல்லை. தேர்ந்த பாடகர்கள் கையருகே இருந்தார்கள். எழுத நேரம் கிடைத்தது. தமக்கு எது வேண்டும் என்று அறிந்த ஒருவர் எடுத்த தெளிந்த முடிவு அது. அவர் உள்ளே ஒடுங்கிவிடவும் இல்லை. 1592-இல் உரோமைக்கே போய்த் திருப்பலி இசை நூலொன்றை அச்சிட்டு, சில ஆண்டுகள் அங்கே தங்கினார். பாலஸ்த்ரீனா 1594-இல் மறைந்தபோது விக்டோரியா அந்நகரில்தான் இருந்தார்.

1600-இல் மத்ரித்தில் வெளிவந்த தொகுப்பு, அவரைத் துயரத்தின் இசையமைப்பாளர் என்று மட்டும் அறிந்தவர்களைத் திகைக்கவைக்கும். இரண்டு, மூன்று பாடகர் குழுக்கள் எதிரெதிரே நின்று மாறி மாறிப் பாடும் இசை; கூடவே ஆர்கனுக்குத் தனியாக அச்சிட்ட பகுதி. ஆர்கன் பகுதியைத் தனியே அச்சிட்டுக் கொடுப்பது அப்போது புதுமை. அதிலுள்ள ‘மிசா ப்ரோ விக்டோரியா’, பிரெஞ்சுக்காரர் ஜானெகென் எழுதிய போர்ப்பாட்டை அடிப்படையாகக் கொண்டது. உலகியல் பாட்டின் மேல் அவர் கட்டிய ஒரே திருப்பலி இசை இதுதான். எக்காளமும் முரசும் ஒலிப்பதுபோன்ற இசை. இளம் மன்னர் மூன்றாம் பிலிப்புக்கு இது மிகவும் பிடித்திருந்தது. பாடல்களின் பாடல் நூலிலிருந்து காதல் ததும்பும் வாசகங்களை எடுத்து அவர் அமைத்த ஆறு குரல் மோட்டெட்டுகளும் நினைவில் கொள்ள வேண்டியவை. மகிழ்ச்சியும் அவர் கைக்கு இயல்பாகவே வந்தது.

பேரரசி மரியா 1603 பிப்ரவரி 26 அன்று காலமானார். அவருக்காக விக்டோரியா எழுதிய இறந்தோர் வழிபாட்டு இசை ஆறு குரல்களுக்கானது. 1605-இல் அச்சிட்டு, மகள் மார்கரீத்தாவுக்குக் காணிக்கையாக்கினார். தாயை இழந்த கன்னியர் கையில் கொடுத்த நூல். திருப்பலிப் பகுதி பெரும்பாலும் பழைய கிரகோரியன் பாடலை உச்சக் குரல்களில் இரண்டாவதான இரண்டாம் சொப்ரானோவிடம் நீண்ட சுரங்களில் ஒப்படைத்துவிட்டு, மற்ற ஐந்து குரல்களை அதைச் சுற்றி நகரவிடுகிறது. நூற்றாண்டுகளாக ஒவ்வொரு கத்தோலிக்க அடக்கத்திலும் பாடப்பட்ட மெட்டு அது. பேரரசியின் அடக்கத்திலும் அதுவே நடுவில் நிற்கிறது. தனித்து நிற்பது யோபு நூலிலிருந்து எடுத்த வாசகப் பகுதி. வாழ்வு கசந்துபோன மனிதன் கடவுளிடம் ஏன் என்று கேட்கிறான். நான்கு குரல்கள் மட்டும், மெட்டுப் பின்னல் ஏதுமின்றி, சொல் சொல்லாக வாசிப்பதைப் போலப் பாடுகின்றன. அதன் இசைவுகளில் உள்ள கசப்பு நானூறு ஆண்டுக்குப் பின்னும் மங்கவில்லை. இதற்குப்பின் அவர் எதையும் அச்சிடவில்லை. மடத்தின் ஆர்கன் வாசிப்பவராகத் தொடர்ந்து, 1611 ஆகஸ்டில் இறந்தார். மடத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். கல்லறை எதுவென்று இன்றுவரை அடையாளம் காணப்படவில்லை.

நூல்கள் மட்டும் வெகுதூரம் போயிருந்தன. பேராலயங்களுக்குத் தாமே பிரதிகளை அனுப்பிவைப்பதும், அதற்குரிய தொகையைக் கேட்டு எழுதுவதும் அவர் வழக்கம். அட்லாண்டிக்கைக் கடந்து லீமா, மெக்சிகோ, பொகோட்டா வரை அவருடைய இசை சென்றது. தம் வாழ்நாளிலேயே புதிய உலகின் பேராலயங்களில் பாடப்பட்ட இசையமைப்பாளர் அவர். பிறகு நெடுங்காலம் ஐரோப்பாவில் அவர் பெயர் மங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரெகன்ஸ்பர்க் நகரின் கார்ல் ப்ரோஸ்கே பழைய தேவாலய இசையைத் தொகுத்து அச்சிட்டபோது விக்டோரியாவும் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தார். கத்தலோனிய அறிஞர் ஃபெலிப்பே பெத்ரெல், 1902 முதல் 1913 வரை லைப்ஸிக் நகரில் எட்டுத் தொகுதிகளாக அவருடைய முழுப் படைப்புகளையும் பதிப்பித்தார். அதே காலத்தில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் கத்தோலிக்கப் பேராலயத்தில் ரிச்சர்ட் டெர்ரி அவற்றைக் கச்சேரி மேடைக்காக அல்லாமல் வழிபாட்டிலேயே பாடவைத்தார். எழுதியவர் நினைத்த இடத்துக்கு அந்த இசை திரும்பியது என்பதால், இந்த மீட்பு வரலாற்றில் டெர்ரியின் பங்கை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். பெத்ரெல் போன்ற பதிப்பாசிரியர்களின் வேலை சற்று எளிதானதற்கும் காரணம் விக்டோரியாவேதான்; அவ்வளவு கவனமாகத் திருத்தி, குறி போட்டு, தரமான தாளில் அச்சிட்டு வைத்திருந்தார்.

இங்கே இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒலிப்பதிவுகள் இன்று எளிதில் கிடைக்கின்றன. ‘ஓ மாக்னும் மிஸ்தேரியும்’ பாடலில் தொடங்குங்கள். அடுத்து, அதே மெட்டுகளைக் கொண்டு இருபது ஆண்டு கழித்து அவரே எழுதிய திருப்பலி இசையைக் கேளுங்கள். தம் இளமைப் பாட்டை ஒரு கலைஞர் எப்படித் திறந்து பார்க்கிறார் என்பது புரியும். பதிலுரைப் பாடல்களைக் கேட்கும்போது லத்தீன் வாசகத்தையும் தமிழ் விவிலியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். ஒரு நாளுக்கு ஆறு என்றுதான் அவை எழுதப்பட்டன. யோபுவின் பகுதியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பாடத் தெரிந்தவர்கள் நான்கு பேர் சேர்ந்தால், கேட்பதோடு நிறுத்தாமல் நீங்களே பாடிப் பாருங்கள்.